மூடிய பாட்டிலில் உப்புக் கரைசல்: அயனிகளைக் கோளங்களாக வைத்து ஒரு கணக்கு

நூறு கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்தால், கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் 76 சதவீதத்தில் வந்து நிற்கும். வெளியே அக்னி நட்சத்திரமா கார்த்திகை மழையா என்பது அந்தப் பாட்டிலுக்குப் பொருட்டே இல்லை. கல்லூரியில் படித்த டிபை–ஹக்கல் எல்லை விதியை அதே கரைசலுக்குப் போட்டால் கிடைக்கும் விடை 99 சதவீதம். அயனி என்ற பேச்சே இல்லாமல், கரைந்த துகள்களை வெறுமனே எண்ணிப் போட்டால் 81. அதாவது அயனிகளின் மின்விசையைக் கணக்கில் சேர்த்த பிறகு விடை உண்மையை விட்டு இன்னும் தூரம் போகிறது. இது ஏன் என்று கையால் அளந்தும் கணக்குப் போட்டும் பார்த்ததன் பதிவு இது.

எங்கள் பக்கத்தில் உப்புத்தண்ணீர் சாதாரண விஷயம் இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஊர்களில் பச்சைத் தோல் வந்து இறங்குவதே உப்பில் புரட்டித்தான். தோலை ஊறப்போட்டுக் கழுவும் தண்ணீரில் அந்த உப்பு முழுக்க இறங்கிவிடும். அது பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் என்ன செய்தது என்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். இன்றைக்குக் கழிவுநீரை ஆர்ஓ-வில் பிழிந்து, மிச்சத்தை ஆவியாக்கிகளில் காய்ச்சி, உப்பாகவே வெளியே எடுக்கிறார்கள்.

அப்படி ஓர் ஆவியாக்கியில் ஷிப்ட் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் தொடக்கம். "சார், டிடிஎஸ் மீட்டர நேரா முக்குனா ஒண்ணு காட்டுது. நூறு மடங்கு தண்ணி கலந்து, வந்தத நூறால பெருக்குனா வேற ஒண்ணு வருது. இன்னா சார் இது, எதுதான் நெசம்?"

"மீட்டர் ரெண்டு தடவையும் ஒழுங்காத்தாம்பா காட்டுது. உப்புதான் ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி நடந்துக்குது" என்றேன். டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை நேராக அளப்பதில்லை; மின் கடத்துத்திறனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. லிட்டருக்கு 0.01 மோல் உப்பு உள்ள கரைசலில் ஒரு மோலுக்கான கடத்துத்திறன் சுமார் 118 அலகு. லிட்டருக்கு ஒரு மோல் ஆனதும் அது 86-க்கு இறங்கிவிடுகிறது. உப்பு அதே உப்பு. ஒவ்வோர் அயனியும் சுமக்கும் மின்னோட்டம் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. மீட்டருக்குள் இருக்கும் பெருக்கல் எண்ணுக்கு இது தெரியாது. அவருக்கு உண்மையில் வேண்டியதோ கடத்துத்திறன் கூட இல்லை. எந்தச் செறிவில் ஆர்ஓ நின்றுபோகும், எந்தச் செறிவில் கொதிநிலை எவ்வளவு ஏறும் என்பதுதான் அவர் வேலைக்கு வேண்டும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அளவு: கரைசலில் உள்ள தண்ணீர் எவ்வளவு தாராளமாக வெளியேறத் தயாராக இருக்கிறது என்பது. வேதியியலில் இதை நீரின் செயலூக்கம் என்கிறோம். மூடிய பாட்டிலின் ஈரப்பதத்தை நூறால் வகுத்தால் அதுதான் நீரின் செயலூக்கம். ஆகவே ஓர் ஈரப்பத உணரி இருந்தால் போதும்.

அளவீட்டுக்கு எடுத்தவை: ஊறுகாய் பாட்டில்கள், எஸ்எச்டி31 உணரி, ஓர் ஆர்டுயினோ பலகை, 0.01 கிராம் காட்டும் தராசு, ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு, வாலை வடித்த நீர். கடையில் வாங்கும் அயோடின் உப்பு இதற்கு ஆகாது. கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அதில் உண்டு. தோல் மண்டியில் போடும் கல்லுப்பில் மெக்னீசியமும் கால்சியமும் கலந்திருக்கும், அவை ஈரத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். மூடியில் துளையிட்டு ஒயரை உள்ளே விட்டு எம்-சீல் வைத்து அடைத்தேன். உணரி கரைசலுக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்க வேண்டும். காற்றிடம் குறைவாகவும் கரைசலின் பரப்பு அகலமாகவும் இருந்தால் ஓர் இரவில் அளவு நிலைத்துவிடும்.

கரைசல்களை மோலல் கணக்கில் செய்தேன், அதாவது ஒரு கிலோ தண்ணீருக்கு இத்தனை மோல். 100 கிராம் தண்ணீருக்கு 17.53 கிராம் உப்பு போட்டால் 3 மோலல், 23.38 போட்டால் 4, 29.22 போட்டால் 5, 35.06 போட்டால் 6. இதற்கு மேல் கொஞ்சம் போட்டாலே அடியில் தங்கத் தொடங்கும்.

இந்த வேலையில் பெரிய எதிரி வெப்பநிலை. 30 டிகிரியில் நீராவியின் தெவிட்டு அழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் மாறும். கரைசலைவிட உணரி அரை டிகிரி சூடாக இருந்தாலே ஈரப்பதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் குறைத்துக் காட்டும். வேலூர் வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், பகலில் இந்த அளவீட்டை நினைத்தே பார்க்க முடியாது. பாட்டில்களைக் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்த்தி, அந்தப் பாத்திரத்தைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, தரைத்தள அறையில் விடியற்காலை நான்கு மணி அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன். உணரியைச் சரிபார்க்கக் கரையாத உப்பு அடியில் தங்கிய இரண்டு பசைக் கரைசல்கள் போதும்: 30 டிகிரியில் பொட்டாசியம் குளோரைடு 83.6, மெக்னீசியம் குளோரைடு 32.4. உலகம் முழுக்க ஈரப்பதமானிகளைச் சரிபார்ப்பது இந்த மாதிரிக் கரைசல்களை வைத்துத்தான்.

சோடியம் குளோரைடுக்கு நிறுவப்பட்ட மதிப்புகள் 25 டிகிரியில் இவை: 3 மோலலில் 89.3, நான்கில் 85.1, ஐந்தில் 80.7, ஆறில் 76.0. என் பாட்டில்கள் இவற்றை ஒட்டியே, உணரியின் பிழை எல்லையான இரண்டு புள்ளிக்குள் நின்றன. ஐந்து டிகிரி வெப்ப வித்தியாசம் இந்த உப்பில் தரும் மாற்றம் அதைவிடச் சிறியது. 90-க்கு மேல் இந்த வகை உணரியை நம்பக்கூடாது, அதனால் 1, 2 மோலலுக்கு ஏட்டு மதிப்புகளையே எடுத்துக்கொண்டேன்.

இனி கணக்கு. டிபையும் ஹக்கலும் 1923-இல் கொடுத்த படம் இது: ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் மின்னேற்றம் ஒரு மேகம்போலச் சூழ்ந்து அதன் விசையை மறைக்கிறது. அந்த மேகத்தின் பருமன், 25 டிகிரித் தண்ணீரில், 0.304-ஐ செறிவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் நானோமீட்டர். லிட்டருக்கு 0.001 மோலில் அது சுமார் 10 நானோமீட்டர். மேகம் என்ற சொல் அங்கே பொருந்துகிறது. 6 மோலல் கரைசலில் அதே சூத்திரம் 0.13 நானோமீட்டர் என்கிறது. சோடியமும் குளோரைடும் படிகத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போதே மையங்களுக்கு இடையில் 0.28 நானோமீட்டர் தூரம். மேகம் அயனியைவிடச் சிறிதாகிவிட்டது என்றால் அப்படி ஒரு மேகம் இல்லை என்றுதான் பொருள். பிழை சூத்திரத்தில் இல்லை. நீர்த்த கரைசலுக்கென்று எழுதிய படத்தை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும். பாலாற்று மணலில் பத்துப் பேர் நடந்தால் ஒருவருக்கொருவர் வைத்திருக்கும் பிரியமும் பகையும்தான் வழியைத் தீர்மானிக்கும்; குடியாத்தம் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்து ஆளின் தோள்தான் தீர்மானிக்கும்.

அந்தத் தோளைக் கணக்கில் சேர்க்க ஆகச் சிறிய வழியைத் தேடினேன். அயனிகளை ஒரே விட்டமுள்ள கடினமான கோளங்களாகவும், தண்ணீரை வெறும் பின்னணியாகவும் எடுத்துக்கொள்வது. கோளங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதற்குக் கார்னஹானும் ஸ்டார்லிங்கும் 1969-இல் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. அந்தக் கோளங்கள் மின்னேற்றம் பெற்றிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெய்ஸ்மனும் லெபோவிட்சும் 1970-இல் கொடுத்த சராசரிக் கோளத் தோராயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கைப்பேசியின் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். 6 மோலலுக்கு முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன், யாரும் சரிபார்க்கலாம்.

100 மில்லி கரைசலை எடை போட்டால் 120 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து லிட்டருக்கு 5.31 மோல் என்று வருகிறது. ஒரு கன நானோமீட்டரில் இரு வகையும் சேர்த்து 6.40 அயனிகள். விட்டம் 0.325 நானோமீட்டர் என்று வைப்போம். அதை மேகப் பருமனான 0.132-ஆல் வகுத்தால் 2.46. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து ஒன்றைக் கழித்தால் 1.435. அதை விட்டத்தின் இரு மடங்கான 0.65-ஆல் வகுத்தால் 2.21. இதன் கனம் 10.76. அதை 3 × 3.1416 × 6.40-ஆல் வகுத்தால் 0.178. இதுதான் மின்விசையின் பங்கு, கழிக்க வேண்டியது.

அடுத்து, கோளங்கள் அடைத்திருக்கும் இடத்தின் பங்கு 0.115. அதை 'ந' என்று வைத்து, (1 + ந + ந² − ந³) ÷ (1 − ந)³ என்று போட்டால் 1.625. கழித்தால் 1.447.

ஒரு படி பாக்கி. கோளக் கணக்கு கரைசலின் கன அளவை வைத்து எண்ணுகிறது, அளவீடு தண்ணீரின் எடையை வைத்து எண்ணுகிறது. அந்தக் கரைசலின் ஒரு லிட்டரில் தண்ணீர் 885 கிராம்தான் இருக்கிறது. சுத்தத் தண்ணீர் என்றால் 997 கிராம். இரண்டின் விகிதம் 0.888. பெருக்கினால் 1.285. இதன் பெயர் சவ்வூடு குணகம்; துகள்களை வெறுமனே எண்ணிப் போட்டால் இது 1. ஏட்டில் உள்ள மதிப்பு 1.271. ஈரப்பதமாக மாற்றினால் கணக்கு 75.8 என்கிறது, ஏடு 76.0 என்கிறது.

அதே 0.325-ஐ மாற்றாமல் மற்ற செறிவுகளுக்கும் போட்டேன். 1 மோலலில் கணக்கு 0.927, ஏடு 0.936. மூன்றில் 1.054, ஏடு 1.045. ஐந்தில் 1.21, ஏடு 1.19. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஆறு வரை ஒன்றரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது. எல்லை விதியோ ஆறு மோலலில் 0.04 என்கிறது. மின்விசையின் பங்கு 3 மோலலில் 0.170, ஆறில் 0.178, கிட்டத்தட்ட அசையவே இல்லை. கோளங்களின் நெருக்கமோ 1.29-இலிருந்து 1.63-க்கு ஏறிவிட்டது. அடர்ந்த உப்புத்தண்ணீரில் கரைசலின் போக்கைத் தீர்மானிப்பது மின்னேற்றத்தைவிட இடநெருக்கடிதான் என்பதை இந்த இரண்டு வரிசை எண்களில் பார்த்தபோது, பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே புதிதாகத் தெரிந்தது.

அந்த 0.325 சோடியத்தின் அளவா என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்காகவே இன்னும் இரண்டு உப்புகளை எடுத்தேன். ஏட்டில் உள்ள 4 மோலல் மதிப்புகளுக்குப் பொருத்தினால் பொட்டாசியம் குளோரைடுக்கு விட்டம் 0.30, லித்தியம் குளோரைடுக்கு 0.38. படிகத்தில் உள்ள தூரங்கள் இதற்கு நேர்மாறான வரிசை: லித்தியத்துக்கு 0.257, சோடியத்துக்கு 0.282, பொட்டாசியத்துக்கு 0.315. அயனிகளில் ஆகச் சிறிய லித்தியம் கரைசலில் ஆகப் பெரியதாக நடந்துகொள்கிறது. சிறிய அயனியின் பரப்பில் மின்புலம் கடுமை, அதனால் தண்ணீர் மூலக்கூறுகளை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தச் சுமையோடு இடத்தை அடைக்கிறது. பொட்டாசியமோ படிகத்தில் உள்ள தூரத்தைவிடவும் சிறியதாகத் தெரிகிறது. இரண்டு அயனிகள் ஒன்றையொன்று ஊடுருவ முடியாது. ஆகவே இந்த எண்ணை அளவு என்றே சொல்லக்கூடாது. நாம் கணக்கில் சேர்க்காத குறுந்தூர ஈர்ப்பு அதற்குள் கரைந்திருக்கிறது. இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது. அடர்ந்த உப்புக் கரைசலில் நீரின் மின்கடத்தாப் பொருள் மாறிலி (மின்விசையை நீர் எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) 78-இலிருந்து 40–50 வரை இறங்கிவிடும் என்பது அளந்து அறிந்த உண்மை. என் கணக்கில் 78-ஐயே வைத்திருக்கிறேன். 45 என்று மாற்றினால் மின்விசைப் பங்கு இரட்டிப்புக்கு அருகில் போகும், விட்டத்தையும் ஏற்றினால்தான் விடை திரும்பி வரும். ஆகவே 0.325 என்பது பல விளைவுகளை ஒன்றாக விழுங்கி நிற்கும் எண். அதை மதிக்கிறேன், ஆனால் நுண்ணோக்கியில் தெரியும் பொருளாக நினைக்கவில்லை.

பிட்சர் 1973-இல் கொடுத்த முறை இதைவிடத் துல்லியம். சோடியம் குளோரைடுக்கு 0.0765, 0.2664, 0.00127 என்று மூன்று எண்கள். தெவிட்டும் வரை அளவீட்டோடு ஒட்டிப் போகும். ஆலை வேலைக்கு அட்டவணை போட அதைத்தான் பயன்படுத்த வேண்டும், நானும் அதைத்தான் மாணவருக்குக் கொடுத்தேன். ஆனால் கரைசலுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மூன்று எண்களைக் கேட்டால் பதில் வராது. கோளங்கள் பதில் சொல்கின்றன, கொஞ்சம் பிசகினாலும்.

அயனிகள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்று பார்க்க மடிக்கணினியில் ஒரு மான்டி கார்லோ நிரலும் எழுதினேன். 3.15 நானோமீட்டர் பக்கமுள்ள பெட்டிக்குள் நூறு நேர் அயனி, நூறு எதிர் அயனி. ஓர் அயனியைத் தற்செயலாக நகர்த்துவது, ஆற்றல் எவ்வளவு மாறியது என்று பார்ப்பது, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வது, இதையே லட்சக்கணக்கில் திரும்பச் செய்வது. நீர்த்த கரைசலில் ஓர் அயனியை விட்டு விலக விலக எதிர் மின்னேற்றம் சீராகத் தேய்கிறது. அடர்ந்த கரைசலில் அப்படி இல்லை: முதல் அடுக்கில் எதிர் அயனிகள், அடுத்த அடுக்கில் சொந்த இனம், மறுபடி எதிர் என்று மாறிமாறி வருகிறது. இந்த மாற்றத்தை கிர்க்வுட் 1936-இலேயே சொல்லிவிட்டார். என் கோளக் கணக்கின்படி விட்டம் மேகப் பருமனைப்போல் 1.23 மடங்கு ஆகும்போது அது தொடங்க வேண்டும், அதாவது லிட்டருக்குச் சுமார் 77 கிராம் உப்பில். ஆர்ஓ மூச்சு வாங்கும் செறிவும் கிட்டத்தட்ட அதுதான்.

இதில் இன்னும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்மித், லீ, பெர்கின் மூவரும் மைக்கா தகடுகளுக்கு நடுவே அடர்ந்த கரைசல்களை வைத்து விசையை அளந்து, செறிவு ஏற ஏற மின்மறைப்புத் தூரம் குறையாமல் கூடுகிறது என்றார்கள், அதுவும் பல நானோமீட்டர் அளவுக்கு. 2022-இல் வழவழப்பான சிலிக்காப் பரப்புகளை வைத்து அளந்த வேறொரு குழு அப்படி எதையும் காணவில்லை. என் பெட்டிக்குள் அடுக்குகள் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மூன்று நானோமீட்டர் பெட்டியை வைத்து இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கடினக் கோளங்கள் மட்டும் இருந்தால் அந்த நெடுந்தூர விளைவு வராது என்பது வரை சொல்லலாம்.

கோளக் கணக்கு எங்கே உடைகிறது என்பதையும் அளந்தே பார்த்தேன். லித்தியம் குளோரைடைத் தெவிட்டும் அளவுக்குக் கரைத்துப் பாட்டிலில் வைத்தால் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு அருகில் நிற்கிறது. ஏட்டு மதிப்பு 11.3. 0.38 விட்டக் கோளங்களோ ஒரு சதவீதம்கூட இருக்கக் கூடாது என்கின்றன. காரணம் எளிது. அது ஏறத்தாழ 20 மோலல். ஒரு கிலோ தண்ணீரில் 55.5 மோல் தண்ணீர். பங்கிட்டால் ஒரு லித்தியத்துக்கு மூன்று மூலக்கூறுகூட வரவில்லை. ஒவ்வொரு லித்தியமும் தனக்கென்று ஒரு நீர்ச் சட்டை போட்டுக்கொள்ளத் தண்ணீர் இல்லை, ஒரே மூலக்கூறை இரண்டு மூன்று அயனிகள் பகிர்ந்துகொள்கின்றன. விட்டம் என்று நாம் வைத்த எண்ணுக்குப் பொருள் தந்ததே அந்தச் சட்டைதான். 2015-இல் 21 மோலல் லித்தியம் உப்பைக் கரைத்து, சாதாரணமாக 1.23 வோல்ட்டில் பிரியும் தண்ணீரைச் சுமார் 3 வோல்ட் வரை தாங்க வைத்த மின்கல ஆய்வும் இந்தப் பகுதியில்தான் நடந்தது. அங்கே தண்ணீரைப் பின்னணி என்று ஒதுக்கவே முடியாது.

மாணவருக்குப் போட்டுக் கொடுத்த தாளில் சில வரிகள்: 1 மோலலில் சவ்வூடு அழுத்தம், அதாவது தண்ணீரைப் பிழிய ஆர்ஓ தாண்ட வேண்டிய அழுத்தம், 46 பார், ஆறில் 375-ஐ ஒட்டி. சாதாரண ஆர்ஓ சவ்வு 70, 80 பாருக்கு மேல் தாங்காது. தெவிட்டிய உப்புத்தண்ணீர் கொதிப்பது 108.7 டிகிரியில். "அப்ப ஆவியில எட்டு டிகிரி சும்மாவே போயிடுது சார்" என்றார். ஆமாம், அந்த எட்டு டிகிரியும் பாட்டிலில் குறைந்த அந்த 24 புள்ளி ஈரப்பதமும் ஒன்றேதான். பச்சைத் தோல் உப்பில் கெடாமல் இருப்பதும் அதனால்தான்: பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.90-க்குக் கீழே செயலூக்கம் உள்ள தண்ணீர் இருந்தும் இல்லாததற்குச் சமம். 0.75-லும் வாழும் உப்பு விரும்பி நுண்ணுயிர்கள்தான் சில நேரம் தோலில் சிவப்புத் திட்டாகத் தெரிகின்றன.

ஆலைக் கரைசலில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. அமிலத்திலிருந்தும் குரோம் உப்பிலிருந்தும் சல்பேட் வருகிறது. சல்பேட் இரட்டை மின்னேற்றம் உள்ளது. சோடியத்தோடு அதன் ஈர்ப்பு, வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தூரம் 0.71-க்குப் பதில் 1.4 நானோமீட்டராகிறது. ஆகவே ஜோடி சேரும் அயனிகளைத் தனியாக எண்ண வேண்டும், பிட்சரிலும் கலவைக்கான எண்களைச் சேர்க்க வேண்டும். குளோரைடும் சல்பேட்டும் ஒன்பதுக்கு ஒன்று, ஏழுக்கு மூன்று, பாதிக்குப் பாதி என்று மூன்று பாட்டில்கள் இப்போது தெர்மகோல் பெட்டியில் இருக்கின்றன.